16 அடி அகல மனை: படியை எங்கே வைப்பது?

ஒடுக்குமனை எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மனை 16 அடி அகலம், 55 அடி நீளம். தெரு மேற்கில். இரண்டு பக்கத்துக்காரர்களும் எல்லைவரை கட்டிவிட்டார்கள், ஆகவே பக்கவாட்டு ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்னால் 4 அடியும் பின்னால் 5 அடியும் விட்டதுபோக 46 அடி கட்டிக்கொள்ளலாம். தரைத்தளம், மேலே இரண்டு தளம்.

ஐந்து பேர் இருக்கப்போகிறோம். நானும் கணவரும், பதினோரு வயது மகன், ஏழு வயது மகள், என் அம்மா. அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் தேய்மானம், படி ஏற முடியாது.

பொறியாளர் கொடுத்த வரைபடம் இப்படி: முன்னால் கார் நிறுத்த 16 அடி. அடுத்து கூடம். இடது சுவரோரமாக மூன்று அடி அகலத்தில் நேராக ஏறும் படி. வலது சுவரோரமாக மூன்றரை அடி நடை, இருபது அடி நீளத்துக்குப் போகிறது. அதன் முடிவில் சமையலறை, கடைசியில் அம்மாவின் அறை. மேல் தளங்களிலும் இதே நடைதான்.

நடுவில் வெளிச்சம் எப்படி வரும் என்று கேட்டேன். படிக்கு மேலே கூரையில் கண்ணாடி போட்டுவிடலாம், கீழ்வரை இறங்கிவிடும் என்றார். அவர் காட்டிய 3டி படத்தில் எல்லா அறையும் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் அந்தப் படத்தில் சூரியன் பக்கத்து வீட்டைத் துளைத்துக்கொண்டு வருகிறது!

நேற்று இரவு இப்போதிருக்கும் வாடகை வீட்டின் மொட்டை மாடியில் சாக்பீஸால் அந்த நடையை அளந்து கோடு போட்டு நடந்து பார்த்தோம். நானும் மகனும் எதிரெதிரே வந்தபோது ஒருவர் ஒருக்களித்து நிற்க வேண்டியிருந்தது. மகள் "ரயில் பெட்டி மாதிரி இருக்கும்மா" என்றாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

படி, வெளிச்சம், கார். இந்த மூன்றில் எதை முதலில் முடிவு செய்வது? ஒடுக்கமான வீட்டில் இருந்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

வரைபலகை எழுதியது:

அக்கா, நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு. இந்தச் சிக்கல் புதிதல்ல. ஜப்பானில் கியோத்தோவின் பழைய வணிகர் வீடுகள் தெருப்பக்கம் குறுகி உள்ளே நீண்டு போகும். அவற்றை விலாங்கு மீனின் படுக்கை என்றே சொல்வார்கள். நடுநடுவே சின்னஞ்சிறு தோட்ட முற்றங்களை விட்டுத்தான் அவர்கள் காற்றும் வெளிச்சமும் எடுத்தார்கள். வியட்நாமில் ஹனோயின் பழைய பகுதியில் இருக்கும் குழாய் வீடுகளிலும் இதே உத்திதான்.

இன்னும் துணிச்சலானது ஒசாகாவில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1976-ல் கட்டிய வரிசை வீடு. மனையை நீளவாக்கில் மூன்று சமபங்காகப் பிரித்து, நடுப்பங்கை வானம் பார்க்க அப்படியே திறந்து விட்டார். தெருப்பக்கம் வாசலைத் தவிர ஒரு ஜன்னல்கூட இல்லை. வீட்டுக்கு வரும் வெளிச்சம் முழுவதும் அந்த முற்றத்தின் வழியாகத்தான்.

உங்களுக்கு என் யோசனை: தளங்களை அரை அரையாக மாற்றிப் போடுங்கள். முன் பாதி ஒரு மட்டம், பின் பாதி அதற்கு அரை மாடி மேலே. படியின் ஒவ்வொரு லேண்டிங்கும் ஒரு அறையின் வாசலாகிவிடும். நடையே வேண்டாம், வெளிச்சமும் குறுக்கே பாயும்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

தம்பி, அந்த ஒசாகா வீட்டில் மழை பெய்தால் கழிப்பறைக்குக் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 71 வயது முழங்காலை வைத்துக்கொண்டு அரை மாடி, கால் மாடி எல்லாம் நடக்கிற காரியமா?

ஒடுக்குமனை, நான் 14 அடி அகல வீட்டில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். கட்டும்போது பெருமையாக இருந்த விஷயங்கள் வேறு, இருந்து பார்த்தபின் தெரிந்த விஷயங்கள் வேறு. செய்த தப்பை எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

முதல் தப்பு ஓ.டி.எஸ்., அதாவது நடுவில் வானம் பார்க்கத் திறந்து விடும் இடம். மூன்றடிக்கு நாலடி விட்டோம். இடம் வீணாகிறதே என்று அதற்கே மனசு அடித்துக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் கிணறு. வெயில் உச்சிக்கு வரும்போது இருபது நிமிஷம் ஒரு சதுரம் தரையில் விழும், அவ்வளவுதான். போதாததற்கு மூன்று தளத்துக் குளியலறைகளின் ஜன்னலையும் அதற்குள்ளேயே திறந்துவிட்டார்கள். ஆவியும் வாடையும் ஒரே குழாயில் மேலே ஏறும். வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டாம் வருஷமே பச்சையாகிவிட்டது. ஏணி வைத்துத் துடைக்கக்கூட ஆள் உள்ளே நிற்க முடியாது. விடுவதானால் மனிதர் நிற்கிற அளவுக்கு விடுங்கள், இல்லாவிட்டால் விடவே விடாதீர்கள்.

அடுத்தது சத்தம். சமையலறையில் நான் தாழ்ந்த குரலில் சொன்ன ஒரு விஷயத்துக்கு மூன்றாம் மாடியிலிருந்து என் மாமியார் பதில் சொன்னார். அன்றைக்குத்தான் அந்தக் கிணறு எங்கள் வீட்டு டெலிபோன் என்று புரிந்தது. படுக்கையறையின் ஜன்னலை அதற்கு நேர் எதிராக வைக்காதீர்கள்.

தண்ணீர்தான் பெரிய பாடம். அடியில் ஒரே ஒரு வடிகால், அதன்மேல் அழகான வட்ட மூடி. ஒரு மாலை நல்ல மழை. எங்கிருந்தோ பறந்து வந்த பிளாஸ்டிக் பை அந்த மூடியின்மேல் அப்பளமாக ஒட்டிக்கொண்டது. நாங்கள் வெளியே போயிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது கூடத்தில் செருப்பு மிதந்து வாசலுக்கு வந்து எங்களை வரவேற்றது. அப்புறம் உடைத்து, முற்றத்தின் தரையை வீட்டுத் தரையைவிட ஆறு அங்குலம் இறக்கினோம். இரண்டாவது வடிகால் ஒன்றை எதிர் மூலையில், கொஞ்சம் உயரத்தில் வைத்தோம். முதலாவது அடைத்தால் அது எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் கட்டும்போதே செய்திருந்தால் அரைநாள் வேலை.

கட்டிலைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். எங்கள் படி மூன்றடிக்கும் குறைவு, திரும்புகிற இடத்தில் முக்கோணப் படிகள். ஆறடி மெத்தையை எப்படியோ வளைத்து ஏற்றிவிட்டோம், பலகைக் கட்டில் ஏறவில்லை. ஆசாரியை வரவழைத்து நடுவில் அறுத்து, மேலே போய்ச் சேர்த்தோம். அந்த வெட்டு இன்றைக்கும் கிறீச்சிடுகிறது. ஆம்ஸ்டர்டாமின் பழைய கால்வாய் வீடுகளில் முகப்பின் உச்சியில் ஒரு உத்தரமும் கொக்கியும் நீட்டியிருக்கும். சாமான்களை வெளிப்பக்கமாகக் கயிறு கட்டி ஏற்றி ஜன்னல் வழியாக உள்ளே எடுப்பதற்காக. ஒடுக்கு வீட்டுக்காரர்கள் அன்றைக்கே பட்டிருக்கிறார்கள்! நீங்கள் முதல் மாடி முன்பக்கம் ஒரு அகலக் கதவும், கழற்றக்கூடிய கைப்பிடியும் வைத்துவிடுங்கள், போதும்.

கடைசியாக ஒன்று. அம்மாவின் அறையைப் பின்னால் தள்ளாதீர்கள். அமைதியாக இருக்குமே என்று எங்கள் மாமனாருக்குப் பின்னறை கொடுத்தோம். அவர் தினமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். ஒரு நாள் விழுந்துவிட்டார். வயதானவர்களுக்கு அமைதி வேண்டும் என்பது நாம் நினைப்பது. அவருக்கு வேண்டியிருந்தது தெருவில் போகிற ஆட்கள்.

---

அளவுகோல் எழுதியது:

நான் முப்பது வருஷம் வரைபடம் போட்டவன், இப்போது ஓய்வு. மூன்றாம்மாடி அம்மா சொன்னதை எல்லாம் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நான் கணக்கை மட்டும் போடுகிறேன்.

வெளிச்சத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதுபோல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உள்ளே உருப்படியாக வரும். லிண்டல் ஏழடி என்றால் சுமார் 15 அடி. உங்கள் 46 அடியில் முன்னால் 15, பின்னால் 15 போனால் நடுவில் 16 அடி பகலிலும் விளக்கு எரிய வேண்டிய இடம். கூரைக் கண்ணாடி இதைத் தீர்க்காது. அடுக்கடுக்கான கான்கிரீட் படி வெளிச்சத்தைத் தடுத்துத் தடுத்துத்தான் இறக்கும். மேல் மாடிக்காரருக்குக் கிடைக்கும், உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காது. திறக்க வழியில்லாத கண்ணாடியானால் சூடும் அங்கேயே தங்கும். சூடான காற்று மேலே ஏறும், ஏறியது வெளியே போக உச்சியில் பக்கவாட்டுத் திறப்பு கட்டாயம் வேண்டும்.

ஆக, அந்த 16 அடியில் மனிதர் தங்கும் அறையே வைக்காதீர்கள். படியும் முற்றமும் அங்கே போகட்டும். அதுவும் படியை நீளவாக்கில் போடாமல் குறுக்காகத் திருப்பிவிடுங்கள்.

எப்படி என்றால், மாடி உயரம் பத்தடி, அதாவது 120 அங்குலம். 18 ரைசர் (ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் உயரம்) வைத்தால் ஒன்று ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் லேண்டிங்கில் திரும்பும் இரண்டு கை படி, கைக்கு ஒன்பது ரைசர், கால் வைக்க எட்டு மிதி. மிதி பத்தரை அங்குலம் என்றால் எட்டுக்கு 84 அங்குலம், சரியாக ஏழடி. லேண்டிங் மூன்றடி. மொத்தம் பத்தடி. உங்கள் மனை 16 அடி, இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர் போக உள்ளே பதினாலரை. பத்தடிப் படி குறுக்கே உட்கார்ந்துவிடும், மிச்சம் நாலரை அடி. அதுதான் வந்து இறங்கும் இடம், முன்னறைக்கும் பின்பக்கத்துக்கும் அதுதான் வாசல். கைக்கு மூன்றடி வீதம், நடுவில் நாலு அங்குல இடைவெளியோடு, மனையின் நீளத்தில் படி எடுத்துக்கொள்வது ஆறரை அடிக்குள்தான். இருபது அடி நடை காணாமல் போய்விட்டது பாருங்கள். ஒரு தளத்துக்கு 70 சதுர அடி, மூன்று தளத்துக்கு 210.

(இரண்டு ரைசரும் ஒரு மிதியும் சேர்ந்து ஏறக்குறைய 24 அங்குலம் வந்தால் கால் தடுக்காது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுவா பிளோண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சொன்ன கணக்கு, இன்னும் பொய்க்கவில்லை. மேலே உள்ளதைக் கூட்டிப் பாருங்கள்.)

படியை ஒட்டி ஆறடிக்கு ஒன்பதரை அடி முற்றம். அதன் ஓரமாக நாலரை அடி வழி பின்பக்கம் போகும், அந்த வழிக்கு முற்றத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. முன்னறை 15, படி ஆறரை, முற்றம் 6, பின்னறை 14. சுவர்களையும் சேர்த்தால் 44 அடிக்குச் சற்று மேலே வரும். மிச்சத்தைச் சுவருக்குள் அலமாரியாக்குங்கள்.

உங்கள் மனைக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, பொறியாளர் அதைக் கவனிக்கவில்லை. பின்பக்கம் கிழக்கு. இரண்டாம் மாடியில் பின்னறையைக் கட்டாமல் மொட்டை மாடியாக விடுங்கள். காலை வெயில் அதன் மேலாகத் தாண்டி முற்றத்துக்குள் விழும். அங்கே மூன்று தளமும் கட்டிவிட்டால் அது மறுபடியும் அந்த அம்மா சொன்ன கிணறுதான்.

அறைகள் போதுமா? தரையில் முன்னால் அம்மா, பின்னால் சமையலும் சாப்பாடும். முதல் மாடியில் முன்னால் கூடம், பின்னால் நீங்கள். இரண்டாம் மாடியில் முன்னால் பிள்ளைகளுக்கு ஒரே பெரிய அறை, ஆனால் இரண்டு ஜன்னல், இரண்டு கதவு. இன்னும் மூன்று நாலு வருஷத்தில் நடுவில் தடுப்பு கேட்பார்கள். அப்போது ஆளுக்கு ஏழடி அகலம். மேற்கு வெயில் தாழ்வாக வரும், சன்ஷேட் அதைத் தடுக்காது. முகப்பில் துளைக்கல் தடுப்போ செங்குத்துப் பலகைகளோ வேண்டும்.

கார் இந்தக் கணக்கில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

---

கொத்துக்கரண்டி எழுதியது:

அளவுகோல் ஐயா கணக்கு எல்லாம் சரி. ஆனால் தங்கச்சி, முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு மனைக்குப் போ. முன்னால், நடுவில், பின்னால், மூன்று இடத்தில் அளந்து பார். பத்திரத்தில் 16 என்றிருக்கும், பக்கத்துக்காரர் பூச்சு நம் பக்கம் பிதுங்கியிருக்கும். ஒடுக்கு மனையில் மூன்று அங்குலம் என்பது ஒரு கதவு.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்து வீட்டுச் சுவரையும் உள்ளே போய்ப் போட்டோ எடுத்து வை, அவர்களையும் கூட நிறுத்தி. ஏற்கனவே இருந்த விரிசல் எது என்று பின்னால் சண்டை வராது. அவர்கள் அஸ்திவாரத்தை ஒட்டி ஒரே நாளில் நீளத்துக்கும் தோண்டவிடாதே. நாலடி தோண்டி, கட்டி முடித்து, நாலடி விட்டு அடுத்தது என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். அவசரக்கார ஜேசிபி ஒன்று பக்கத்துச் சுவரின் மண்ணை இழுத்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அன்று ராத்திரி முழுக்க முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றோம்.

பில்லர் எல்லைக்கோட்டை ஒட்டித்தான் வரும், அதனால் அடியில் இருக்கும் கான்கிரீட் பாதமான ஃபுட்டிங்கின் நடுவில் உட்காராது, ஓரத்தில் உட்காரும். அப்படியே விட்டால் சாயப் பார்க்கும். எதிர்ப்பக்க ஃபுட்டிங்கோடு ஸ்ட்ராப் பீம் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். உங்கள் பொறியாளர் படத்தில் அது இருக்கிறதா என்று கேள். பில்லர் 9-க்கு 18 என்றால் 18 அங்குலம் சுவரின் நீளவாக்கில் படுக்கட்டும். குறுக்கே திருப்பினால் ஒவ்வொரு அறையிலும் ஒன்பது அங்குலம் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும், கட்டில் போடும்போது தெரியும். குறுக்குவாக்கில் ஆட்டம் தாங்குமா என்பதை மட்டும் டிசைன் செய்பவர் பார்த்துச் சொல்லட்டும், நம் இஷ்டத்துக்குத் திருப்பக்கூடாது.

இன்னொன்று. உன் சுவருக்கும் அவர்கள் சுவருக்கும் நடுவில் இரண்டு அங்குலச் சந்து விழும். கை நுழையாது, வெளிப்பூச்சு பூச முடியாது. மேலே திறந்து கிடந்தால் மழைத்தண்ணீர் முழுக்க அதற்குள்தான். தகடு மடித்து மூடு, ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஆணி அடி. இரண்டு கட்டடமும் ஒன்றாக அசையாது, இரண்டு பக்கமும் அடித்தால் தகடு கிழியும்.

கழிப்பறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வரட்டும். குழாய் நேராக இறங்கினால் அடைப்பும் குறைவு, பீமை உடைக்கும் பேச்சும் இல்லை.

---

ஒடுக்குமனை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொத்துக்கரண்டி அண்ணே, டேப் எடுத்துக்கொண்டு போனேன். முன்னால் 16 அடி. நடுவில் 15 அடி 8 அங்குலம். பின்னால் 15 அடி 4 அங்குலம்! மனை பின்னால் போகப்போகச் சுருங்குகிறது. வரைபடத்தில் மட்டும் நாலு மூலையும் கச்சிதமாக 90 பாகை.

அளவுகோல் ஐயா, நடுவில் 15 அடி 8 என்றால் உள்ளே 14 அடி 2 அங்குலம், பூச்சு போக 14 அடி 1. பத்தடிப் படி போக நாலடி ஒரு அங்குலம் இருக்கிறது. சரிதானே? முற்றத்தின் அகலத்தில் அரை அடி குறைத்துவிட்டால் பக்கத்து வழிக்கும் நாலடி வரும்.

மனையிலேயே சுண்ணாம்புத் தூளால் படியையும் முற்றத்தையும் கோடு போட்டோம். அம்மாவையும் கூட்டிப்போயிருந்தோம். முன்பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "உங்கள் கட்டில் இங்கேதான் வரும்" என்றேன். அவர் உடனே நாற்காலியை ஒரு அடி இடப்பக்கம் நகர்த்திக்கொண்டார். அங்கிருந்தால்தான் தெருமுனை தெரிகிறதாம். ஜன்னலை ஒரு அடி தள்ளிக் குறித்துவிட்டேன்.

அம்மாவுக்கு என்றைக்காவது மேலே வர ஆசை வந்தால்? மின்தூக்கிக்கு இடம் விட வேண்டுமா? அப்புறம் கார். கணவர் இன்னும் அந்தப் பேச்சில் இறங்கி வரவில்லை.

---

அளவுகோல் எழுதியது:

நாலடி ஒரு அங்குலம் போதும், சரிதான். படியின் கைப்பிடியை உள்ளே நீட்டவிடாமல் ஓரத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.

மின்தூக்கிக்கு இப்போது இயந்திரம் வாங்க வேண்டாம், ஓட்டை மட்டும் விட்டுவையுங்கள். முன்னறையின் படிப்பக்க மூலையில் நாலரை அடிச் சதுரம், மூன்று தளத்திலும் ஒரே நேர்கோட்டில். சுற்றிலும் பீம் போட்டு, நடுவில் மெல்லிய ஸ்லாப் மூடி, இப்போதைக்குச் சாமான் அறையாக வைத்துக்கொள்ளுங்கள். தேவை வந்தால் அந்த ஸ்லாபை மட்டும் உடைத்தால் போதும். எந்த மாதிரி பின்னால் வரும் என்று தெரியாததால், அடியில் ஒரு குழிக்கும் இப்போதே இடம் விடுங்கள்.

சமையலறைக்கும் படிக்கும் நடுவில் மூடக்கூடிய கதவு போடுங்கள். திறந்த படி தீப்பிடித்தால் புகைபோக்கிதான், பிள்ளைகள் உச்சியில் படுக்கிறார்கள்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

கார் விஷயத்துக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். சுண்ணாம்புக் கோடு இன்னும் இருக்கிறதல்லவா? காரை அந்த முன்னறைக்குள் கொண்டுபோய் நிறுத்தும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பிறகு அவரை இறங்கி, அம்மாவின் நாற்காலியை எங்கே போடுவது என்று காட்டச் சொல்லுங்கள்.

---

ஒடுக்குமனை எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம் அக்கா. ஒரு பக்கக் கதவை முழுசாகத் திறக்க முடியவில்லை. மறுபக்கமாக ஊர்ந்து இறங்கினார். ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு தெரு தள்ளி மாத வாடகைக்கு நிறுத்துமிடம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

புதிய வரைபடத்துக்குப் பொறியாளரிடம் வெள்ளிக்கிழமை போகிறோம். ஸ்ட்ராப் பீம் பற்றிக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.